அத்தி எந்தக் கணக்கில்?
காய், பழம், கொட்டை, பலன் – சில வரலாற்றுக் குறிப்புகள்

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பார்த்தால், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கையில் ஒரே மாதிரி அட்டைப்பெட்டி இருக்கும். முன்பெல்லாம் அரைக்கிலோ ஸ்வீட், கால்கிலோ காரம். இப்போது உலர்பழப் பெட்டி. என் தம்பி இந்தப் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. பெர்மனென்ட் ஆட்களுக்கு ஆறு குழி வைத்த பெட்டி, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நாலு குழி. நாலில் என்ன இருக்கிறது என்று பிரித்தோம்: பாதாம், முந்திரி, உலர்திராட்சை, அத்தி. மூடியில் ‘ட்ரை ஃப்ரூட்ஸ் அண்ட் நட்ஸ்’ என்று தங்க எழுத்து.

அம்மா கேட்டாள்: “இதுல பழம் எதுடா, நட்ஸ் எது?”

தம்பி சொன்னான்: “கடிச்சா கடக்குன்னா நட்ஸ், இல்லன்னா பழம்.”

“நட்டுன்னா நீ கம்பெனியில முடுக்கற சாமான் இல்லயா?”

அம்மா கேட்டது சிரிப்பதற்கான கேள்வி அல்ல என்று பிறகுதான் உறைத்தது. ஆங்கிலத்தின் ‘நட்’ என்ற சொல் எங்கள் பகுதிக்குள் முதலில் வந்தது தின்பண்டமாக அல்ல, இரும்பாக. லேத் பட்டறையில், பம்ப்செட்டில், லாரி சக்கரத்தில். ‘நட்டு’ என்று உகரம் சேர்த்து அது தமிழாகியே போனது. ‘மரை’ என்று பாடப்புத்தகம் சொல்லிப் பார்த்தது, ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் அதைக் கேட்கவில்லை. தின்கிற நட் சூப்பர்மார்க்கெட்டோடு பின்னால் வந்தது. அதற்கும் தமிழில் பெயர் கிடைக்கவில்லை, ‘நட்ஸ்’ என்றே நிற்கிறது. ஏன் கிடைக்கவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம்.

தமிழில் காய், பழம் என்பவை இரண்டு பொருள்கள் அல்ல. ஒரே பொருளின் இரண்டு காலங்கள். காய்ப்பதும் வினை, பழுப்பதும் வினை. இன்று காயாக இருப்பது நாளை மறுநாள் பழம். கொட்டை, பருப்பு என்பவையோ இடத்தைச் சொல்பவை. பழத்துக்குள் இருப்பது கொட்டை, கொட்டைக்குள் இருப்பது பருப்பு. மாம்பழம், மாங்கொட்டை, மாம்பருப்பு. புளியம்பழம், புளியங்கொட்டை. ஆகவே ‘பழமா, கொட்டையா?’ என்று ஒரு பொருளைக் காட்டிக் கேட்பது ‘வீடா, அடுப்பங்கரையா?’ என்று கேட்பது போன்றது. ஒன்றுக்குள் ஒன்று இருப்பதை எதிரெதிராக நிறுத்த முடியாது. முந்திரிப்பருப்பும் பாதாம்பருப்பும் துவரம்பருப்பும் தமிழில் ஒரே பந்தியில் உட்கார்கின்றன. ஆங்கிலத்தில் துவரைக்கு அந்தப் பந்தியில் இலை இல்லை.

விலகி நிற்பவையும் உண்டு. தேங்காய் முற்றும், நெற்றாகும், கொப்பரையாகும், பழம் ஆகாது. கடுக்காய், சாதிக்காய், ஏலக்காய் எல்லாம் சாகும்வரை காய்தான். கத்தரி பழுத்தால் நாம் அதைப் பழம் என்று கொண்டாடுவதில்லை, வீணாகிவிட்டது என்கிறோம். ஆக இந்த வகைப்பாட்டுக்குள் மரத்தின் காலம் மட்டுமல்ல, மனிதனின் தேவையும் இருக்கிறது. லெவி-ஸ்ட்ராஸ் 1964-இல் பச்சை x வெந்தது என்ற எதிர்வை வைத்துத் தென்னமெரிக்கப் புராணங்களைப் பிரித்தார். நம்மூர் காய் x பழம் அதைவிடச் சங்கடமானது. வேக வைப்பது மனிதன், பழுப்பது மரத்தின் பாடு. (கார்பைட் கல் வந்தபிறகு இந்த வித்தியாசமும் கொஞ்சம் கலங்கித்தான் போயிருக்கிறது.)

தாவரவியலுக்கு வேறு கணக்கு. சூலகம் முதிர்ந்தால் கனி. அந்தக் கனியின் சுவர் முழுவதும் கடினப்பட்டு, தானாக வெடிக்காமல், உள்ளே ஒற்றை விதையோடு இருந்தால் அது நட். ஓக் மரத்தின் காய், ஹேசல், செஸ்ட்நட் ஆகியவை இதில் தேறும். மூன்றுமே நம் சமவெளியில் விளையாதவை. பாதாம் தேறாது. பாதாம் என்பது மாம்பழத்தைப் போன்ற கல்லுள்ள கனியில் சதையைத் தள்ளிவிட்டு, ஓட்டை உடைத்து எடுத்த விதை. பிஸ்தாவும் அப்படியே. முந்திரிக்கு மட்டும் இழுபறி. நம் பிளஸ் ஒன் பாடநூல் அதை நட்டுக்கு உதாரணமாகக் காட்டுகிறது. வேறு தாவரவியலாளர்கள் அதையும் மாம்பழத்தோடு சேர்க்கிறார்கள். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம்தான். அதாவது தம்பியின் பெட்டியில் ‘நட்ஸ்’ என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது ஒன்றுகூட இல்லை.

சரி, அத்தியாவது பழமா என்றால், அதுவும் இல்லை. அத்திப்பழம் என்று நாம் தின்பது ஒரு பூங்கொத்து. காம்பு தடித்து, பை போலக் குவிந்து, பூக்களை உள்ளே வைத்து மூடிக்கொண்டது. வெளியில் ஒரு சின்ன வாய் மட்டும். உள்ளே நூற்றுக்கணக்கான பூக்கள். ஒவ்வொன்றும் ஒரு விதையுள்ள, கடின உறை போட்ட குட்டிக் கனியாகிறது. கடிக்கும்போது பல்லில் நெறுநெறுவென்று அரைபடுகிறதே, விதை என்று நாம் சொல்வது, அதுதான் தாவரவியலின்படி கனி. இனிக்கும் சதைக்குப் ‘பொய்க்கனி’ என்று பெயர். இதே குடும்பத்துப் பலா பூக்களை வெளிப்பக்கம் அடுக்கியது. ஒரு சுளை ஒரு பூவின் கணக்கு. அத்தி அதை உள்ளே திருப்பி வைத்துக்கொண்டது.

பழமொழி சொன்னவர்களுக்கு இது தெரிந்திருந்ததா? ‘அத்தி பூத்தாற்போல’ என்பது காணக்கிடைக்காததற்கு. ‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்பது மேலுக்குப் பளபளப்பாகத் தெரிவதற்கு. இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்லி வருகிறோம். ஆனால் இரண்டும் ஒரே செய்தியின் இரண்டு பாதிகள். பூ காணக்கிடைக்காததற்குக் காரணம் அது உள்ளே இருப்பது. உள்ளே இருக்கும் பூவுக்கு மகரந்தம் கொண்டுவருவது அந்தப் ‘புழு’. அது குளவி இனம். பெண்குளவி வாய் வழியாக நுழையும்போது பெரும்பாலும் சிறகை இழந்துவிடும், திரும்ப வெளியே வராது. நம் நாட்டத்தியில் ஒரே காய்க்குள் விதையும் வளர்கிறது, அடுத்த தலைமுறைக் குளவியும் வளர்கிறது. கடையில் வருகிற சீமையத்தி வேறு இனம். அதில் குளவியே தேவைப்படாத ரகங்கள் பல உண்டு. தேவைப்படும் ரகமான ஸ்மிர்னா அத்தியைக் கலிஃபோர்னியாவில் நட்டார்கள். மரம் செழித்தது, காய் தங்காமல் உதிர்ந்தது. கடைசியில் 1899-இல் குளவியைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் காய் நின்றது. கிரேக்க நாட்டில் காட்டத்திக் காய்களை நாட்டு மரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தைத் தியோஃபிராஸ்டஸ் ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறார். அங்கே விவசாயிக்குத் தெரிந்தது. இங்கே பழமொழிக்குப் பாதிப்பாதியாகத் தெரிந்தது.

இந்தக் காணாத பூவைப் பழைய நூல்கள் எப்படிச் சமாளித்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனு ஸ்மிருதியின் முதல் அத்தியாயம் தாவரங்களைப் பிரிக்கும்போது, பூக்காமல் காய்ப்பவற்றை ‘வனஸ்பதி’ என்றும், பூத்துக் காய்ப்பவற்றை ‘விருட்சம்’ என்றும் வைக்கிறது. உரைமரபு வனஸ்பதிக்கு அத்தி இனத்தைத்தான் உதாரணம் காட்டும். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே இல்லை. இல்லாததால் அது தனி ஜாதி. வெளியே நின்று பார்த்துவிட்டு உள்ளே இருப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இந்த முறையை அந்த நூல் மரங்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தொல்காப்பிய மரபியலின் வழி வேறு. வெளியே வயிரம் பாய்ந்தது புல், உள்ளே வயிரம் பாய்ந்தது மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் அதனால் புல். இது கையால் தொட்டு, வெட்டி, அறுத்துப் பார்த்தவர்களின் வகைப்பாடு. தச்சனின் வகைப்பாடு என்றுகூடச் சொல்லலாம். ‘காழ்’ என்ற அந்தச் சொல்லுக்கு வயிரம் என்றும் பொருள், விதை, கொட்டை என்றும் பொருள். ஒரு விளையாட்டுக்காக மரத்துக்குச் சொன்னதைக் கனிக்குச் சொல்லிப் பார்த்தால், வெளியே காழ் உள்ளது நட், உள்ளே காழ் உள்ளது மாங்கனி வகை. தாவரவியல் பாடத்தில் நான்கு பக்கம் வருவது இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறது. ‘எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்ற மேடைப்பேச்சுக்கு இதை யாரும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். தொல்காப்பியர் கனிக்கு அப்படிச் சொல்லவில்லை. காய், பழம் என்ற சொற்களைத் தோல், செதிள் இவற்றோடு சேர்த்துப் பட்டியலில் வைத்துவிட்டு மேலே போகிறார்.

மூன்றாவது ஒரு வகைப்பாடும் உண்டு. அதற்கு நூலாசிரியர் பெயர் கிடையாது. ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நான்கையும் பால் வடியும் மரங்கள் என்று ஒரே கூட்டமாக வைத்துப் பட்டையை எடுத்துக் கஷாயம் வைத்தார்கள் நாட்டு வைத்தியர்கள். நான்கும் தாவரவியலில் ஒரே பேரினம், ஃபைகஸ். பூவைப் பார்க்காமலே, பாலைப் பார்த்து, அவர்கள் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

கவிஞர்கள் வகைப்படுத்தவில்லை, பார்த்தார்கள். குறுந்தொகையின் 24-ஆம் பாட்டில் பரணர் ஆற்றங்கரை அத்தியிலிருந்து விழுந்த ஒற்றைப் பழத்தை ஏழு நண்டு மிதிப்பதைக் காட்டுகிறார். ஊர்வாயில் அகப்பட்ட பெண்ணின் மனசு அது. அத்தி அங்கே விலைப்பொருள் அல்ல. யாரும் பொறுக்கிக்கொண்டு போகாமல் கரையில் கிடப்பதால்தான் நண்டுக்கு மிதிபடுகிறது.

விலைப்பொருளாக வந்தவை வேறு. முந்திரியைப் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தார்கள். கொட்டை பழத்துக்கு வெளியே முந்திக்கொண்டு நிற்பதைப் பார்த்த தமிழ் மூளை, கூப்பிடாத இடத்தில் தலைநீட்டுகிறவனுக்கு ‘முந்திரிக்கொட்டை’ என்று பட்டம் கட்டிவிட்டது. (அந்தச் சொல்லே வேறொரு பக்கம் கீழ்க்கணக்கில் 320-இல் ஒரு பங்கைக் குறிக்கிறது.) முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போன பண்ருட்டி கடலூர்ப் பக்கம் இருப்பது. ஒரகடத்தை ஒட்டியும் ஒரு பண்ருட்டி உண்டு, இங்கே விளைவது காரும் கண்ணாடியும். வேர்க்கடலையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நடுவில் மணிலாவின் பெயரை வாங்கிக்கொண்டு மணிலாக்கொட்டை ஆகி, தென்னார்க்காட்டு வாயில் மல்லாட்டை ஆனது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அது புதுச்சேரி வழியாக மார்சேய் துறைமுகத்துக்கு மூட்டை மூட்டையாகப் போய் அங்கே எண்ணெயும் சோப்பும் ஆனது. செடி அவரைக் குடும்பம், விளைவது மண்ணுக்கடியில், பெயர் கொட்டை.

வணிகம் பெரிதானபோது ‘இது என்ன?’ என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. 1889-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் அவரைப் பருப்பு வந்தது, அது விதையா என்று. தாவரவியலில் விதையாக இருக்கலாம், வால்நட்டும் அப்படித்தான், ஆனால் வியாபாரத்திலும் பேச்சு வழக்கிலும் இரண்டும் விதை அல்ல என்றது தீர்ப்பு. 1893-இல் தக்காளி வந்தது. கனி என்றால் வரி இல்லை, காய்கறி என்றால் 10 சதவீதம். இரவுச் சாப்பாட்டோடு உண்பது, ஆகவே காய்கறி என்று அதே வாதத்தை நீட்டினார்கள். வரி கட்டப்பட்டது. இன்று நம் சுங்கப் பட்டியலும் உலகப் பட்டியலைப் பின்பற்றுவதுதான். ‘உண்ணத்தகு கனிகளும் நட்டுகளும்’ என்று 8-ஆம் அத்தியாயம். 0801-இல் தேங்காயும் முந்திரியும். 0802-இல் பாதாமும், ஆச்சரியமாக, பாக்கும். 0804-இல் பேரீச்சையோடு அத்தி. வேர்க்கடலையைத் தூக்கி 12-ஆம் அத்தியாயத்தில் எண்ணெய்வித்துக்களோடு போட்டுவிட்டார்கள். தம்பி முடுக்குகிற நட்டு 7318. ஒரகடத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்கு இந்த எண்கள்தான் பெயர். அம்மாவின் கேள்விக்கு இந்தப் பட்டியலில் பதில் இருக்கிறது. ஆனால் அது வரி வசூலிப்பதற்கான பதில்.

நம் பக்கத்து வரிக்கு வருவோம். செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்கு ஜாகீராகப் போனபின் தாமஸ் பார்னார்ட் என்ற பொறியாளர் 1767 தொடங்கி 1774 வரை சுமார் 2,000 கிராமங்களை அளந்தார். ஏரி, தோப்பு, காடு, மலை, விளைநிலம் என்று பிரித்து எழுதினார்கள். தோப்பு என்றால் யாரோ வைத்தது, காடு என்றால் யாரும் வைக்காதது. தனியாக ஏரிக்கரையில் பறவை போட்ட விதையிலிருந்து எழும்பிய அத்திக்கு இந்த இரண்டு கட்டத்திலும் இடமில்லை. பிற்பாடு ரயத்துவாரி முறை வந்தது. அரசுப் புறம்போக்கில் நிற்கும் மரத்தை அனுபவிக்க மரப்பட்டா என்று ஒன்றும் வந்தது. ‘2சி பட்டா’ என்று இன்றும் கிராம நிர்வாக அலுவலகத்தில் சொல்வார்கள். நிலம் உனக்கில்லை, பலன் உனக்கு.

‘பலன்’ என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. வடமொழி ‘பல’, அதாவது கனி. தமிழ் வருவாய்த்துறை வழக்கில் ‘பலன் தரும் மரம்’ என்றால் கனி தரும் மரம் அல்ல, காசு தரும் மரம். லத்தீனிலும் இதே கதைதான். கனிக்கு உரிய ‘ஃப்ருக்டஸ்’ என்ற சொல்தான் ரோமானியச் சட்டத்தில் பிறர் சொத்தின் வருமானத்தை அனுபவிக்கும் உரிமைக்குப் பெயராயிற்று. கனி எது என்று இங்கே தீர்மானிப்பது சூலகம் அல்ல, பழுத்தபின் அதை யார் கொண்டுபோய் விற்கிறார்கள் என்பது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் 1998-இல் கார் செய்யத் தொடங்கியது. 2010-இல் ரெனோ–நிசான் ஒரகடத்தில். நடுவே 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா 2014-இல் மூடிக்கொண்டு போயிற்று. இந்தக் காலத்தில்தான் சுற்றுவட்டத்தின் மானாவாரி நிலமும் மேய்ச்சலும் தோப்பும் கைமாறின. நான் பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் நிலத்திலும் அளவுக்கல் நட்டார்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் மரங்களை வரிசையாக எழுதினார்கள். மா, புளி, தென்னை ஒரு பக்கம். வேம்பு, பனை ஒரு பக்கம். முதல் பக்கத்துக்கு வருஷ விளைச்சலைப் பெருக்கி விலை, இரண்டாவதற்கு மரத்தின் சுற்றளவைப் பார்த்து விலை. கிணற்றடி அத்திக்கு வந்தபோது பேனா நின்றது.

“இது என்ன பெரியவரே?”

“அத்திங்க. வருஷத்துல நாலஞ்சு தரம் காய்க்கும். அடிமரத்துலயே கொத்துக் கொத்தா.”

“யார் வாங்குறாங்க?”

தாத்தாவிடம் அதற்குப் பதில் இல்லை. மைனா தின்னும், வௌவால் தின்னும், பசங்க தின்போம், வெட்டி எடுத்த பட்டை வைத்தியருக்குப் போகும். இதில் எதையும் வாங்குவது என்று சொல்ல முடியாது. மரமாகவாவது எழுதலாம் என்றால் அத்தி பலகைக்கு ஆகாது, மெத்துமரம். ‘இதரம் – 1’ என்று எழுதி விறகுக் கணக்கில் சேர்த்தார்கள். பழ மரமும் அல்ல, பலகை மரமும் அல்ல.

தொகை எவ்வளவு குறைந்தது என்பதல்ல விஷயம், பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது. 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் 29-ஆம் பிரிவில் மரங்களை மதிப்பிட வேளாண்மை, வனம், தோட்டக்கலை, பட்டுவளர்ப்பில் அனுபவமுள்ளவர்களை ஆட்சியர் கேட்கலாம் என்கிறது. நல்லதுதான். ஆனால் பறவைக்கு விளைவதை மதிப்பிட இந்த நான்கில் யாரைக் கேட்பது? விளைபவை எல்லாம் யாருக்காவது சொந்தமாகத்தான் விளைகின்றன என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அத்தியின் வாழ்க்கையோ யாருக்கும் சொந்தமாகாமல் விளைவதில் இருக்கிறது. வருஷம் முழுக்க ஏதாவதொரு அத்தியில் காய் இருந்தால்தான் குளவிக்கு அடுத்த வீடு கிடைக்கும். ஆகவே வேறு எதுவும் பழுக்காத கோடையிலும் ஆலோ அரசோ அத்தியோ எங்காவது பழுத்திருக்கும். ஏரிக்கரைப் பறவைகள் அந்த நாட்களைத் தாண்டுவது அதை வைத்துத்தான்.

பலகைக்கு ஆகாத அந்த மரத்துக்குத் தண்ணீருக்கடியில் மட்டும் ஆயுசு கெட்டி. கிணறு வெட்டும்போது அடியில் போடும் சட்டத்துக்கு அத்தியைத் தேடுவார்கள். எங்கள் கிணற்றடியில் அது நின்றதற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம். இங்கிருந்து ஒரு மணிநேரத் தூரத்தில், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் அத்திமரத்தில் செய்த வரதர் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் 48 நாள் வந்தார். கூட்டம் ஒரு கோடியைத் தாண்டியது என்று கணக்குச் சொன்னார்கள். அந்த இடத்தின் பழைய பெயரான அத்தியூர், அத்திகிரி என்பதில் வரும் அத்தி மரம் அல்ல, ‘ஹஸ்தி’, யானை என்று வடமொழி வழிச் சொல்வார்கள். மரமா யானையா என்ற சண்டையைத் தமிழாசிரியர்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் அதில் இறங்கவில்லை.

அம்மா ஏழு மணிநேரம் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் சொன்ன முதல் வார்த்தை, “நம்ம கெணத்தடி மரந்தான்டா அது.” அந்தக் கிணறு அதற்குள் மூடப்பட்டு, மேலே லாரி நிறுத்துமிடமாகி இருந்தது. போன மழையில் அந்த மதிற்சுவரின் தண்ணீர்க் குழாய் ஓரத்தில் ஒரு கன்று முளைத்திருந்தது. அரசா அத்தியா என்று இலையை வைத்துச் சொல்லும் அளவுக்கு வளரவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டேன். “மாசாமாசம் புடுங்கறோம் சார், செவுத்தை ஒடச்சிடும்” என்றார்.

பெட்டியில் முந்திரி, பாதாம், திராட்சை தீர்ந்துவிட்டன. அத்தி மட்டும் நாலைந்து மீந்திருக்கிறது. கிள்ளிப் பார்த்தால் குளவி இல்லை, துருக்கிச் சரக்கு என்று அட்டையில் போட்டிருக்கிறது. விதை பல்லில் மாட்டுகிறது என்று அம்மா தொடுவதில்லை.